மன அழுத்தம்: எப்போது உடம்பைக் கவனிப்பது, எப்போது காரணத்தைக் கவனிப்பது

மன அழுத்தத்துக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், காலாற நடந்து வாருங்கள், பாட்டுக் கேளுங்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் நல்ல யோசனைகள்தான்; நேரம் தவறிச் செய்வதால்தான் பலிக்காமல் போகின்றன. ஒரு வாரத்தில் முடிக்கவே முடியாத அளவு வேலை தலையில் இருக்கும்போது மூச்சுப் பயிற்சி அந்த வேலையைக் குறைத்துவிடாது. நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும்போது வேலைப் பட்டியல் போட உட்கார்ந்தால், பட்டியல் உருப்படியாக வராது. உடம்பின் கொதிப்பைத் தணிப்பது ஒரு வேலை. கொதிப்பைக் கிளப்பும் காரணத்தைக் குறைப்பது வேறொரு வேலை. இப்போது எதைச் செய்ய வேண்டிய நேரம் என்று தெரிந்துவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது.

நெருக்கடி வந்ததும் சில விநாடிகளிலேயே அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கும், தோளும் தாடையும் இறுகும், கவனம் அந்த ஒரே விஷயத்தில் குத்திட்டு நிற்கும். அதன் பின்னால் மெதுவாக வருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். அது ரத்தத்தில் உச்சத்தைத் தொடவே சுமார் 20 முதல் 30 நிமிடம் ஆகும். இறங்க இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே காரசாரமான மீட்டிங் முடிந்த முதல் அரை மணி நேரத்தில் பதில் மெயில் எழுதாதீர்கள், பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள், பண விஷயத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பின்னால் மன்னிப்புக் கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் நன்றாகக் குறையும்.

அழுத்தமே கூடாது என்றும் இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள் படிக்க உட்கார வைப்பதும் அதுதான். 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என்று காரணம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது. அதே நிலை நீண்டுகொண்டே போனபோதுதான் சமாளிக்கும் திறன் ஓய்ந்துபோனது. ஏறியது இறங்குகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் ஒரு வாரக் குறிப்பு

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாள் குறிப்பு எடுங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். நேரம், நடந்தது என்ன, உடம்பில் எங்கே தெரிந்தது, 0 முதல் 10 வரை எவ்வளவு, அடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரியில் ஐந்து விஷயம். மதியம், வேலை முடியும்போது, படுக்கப் போகும் முன் என மூன்று வேளை எழுதினால் போதும். எல்லாவற்றையும் இரவில் மொத்தமாக எழுதினால் அன்றைய கடைசி எரிச்சல் நாள் முழுவதற்கும் சாயம் பூசிவிடும்.

பலரும் தவறுவது இங்கேதான். “ஆபீஸ் டென்ஷன், 8” என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி இருக்க வேண்டும்: “மாலை 4:40. முடித்து அனுப்பிய ரிப்போர்ட்டை மூன்றாவது முறை மாற்றச் சொன்னார்கள். தாடை இறுகியது, காது சூடானது. 7. போனை எடுத்து 25 நிமிடம் வீடியோ பார்த்தேன்.” இந்த ஒரு வரியில் மூன்று தகவல் கிடைக்கிறது. கோபம் வேலையின் மேல் இல்லை, என்ன வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லாததன் மேல். முதல் அறிகுறி தாடையில் வருகிறது. அதைத் தணிக்கச் செய்தது 25 நிமிடத்தைத் தின்றதே தவிர எதையும் தணிக்கவில்லை.

வாரக் கடைசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். நீங்களே மாற்றக்கூடியது என்றால் ‘மா’. இன்னொருவரிடம் பேசித்தான் மாற்ற முடியும் என்றால் ‘பே’. யாராலும் இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால் ‘ஏ’, அதாவது ஏற்றுக்கொள்ள வேண்டியது. உறவினரின் நாட்பட்ட நோய், நிறுவனத்தை இன்னொருவர் வாங்கிவிட்டார் என்ற செய்தி போன்றவை ‘ஏ’. நிறையப் பேருக்கு ‘பே’தான் அதிகமாக வரும். அதைத்தான் அதிகம் தள்ளிப்போடுகிறோம்.

டாக்டரிடம் போக வேண்டியவை

நெஞ்சில் பாரம் ஏறி உட்கார்ந்ததுபோல் வலி, அது கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுவது, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல்: இது டென்ஷனாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் படபடப்பு, களைப்பு, தூக்கக் கேடு என்று மன அழுத்தத்தைப் போலவே தோன்றக்கூடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் மனம் சோர்ந்தே இருக்கிறது, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, தனியாக இருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரோடு மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள்.

உடம்பைத் தணிக்க இரண்டு வழிகள்

முதலாவது மூச்சு. மூக்கு வழியாக 4 விநாடி இழுங்கள், 6 விநாடி விடுங்கள். ஒரு சுற்றுக்கு 10 விநாடி. நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டுகிறோம். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கைதான் எழும்ப வேண்டும், தோள் அல்ல.

“நல்லா ஆழமா இழுத்து விடு” என்று சொல்வதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சு விடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். அப்படி ஆனால் இழுக்கும் காற்றின் அளவைப் பாதியாக்குங்கள்; மெதுவாக விடுவதில் மட்டும் கவனம் வையுங்கள். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது தசைகளை இறுக்கித் தளர்த்துவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய முறை இது. கை முஷ்டியை முழுப் பலத்தில் வேண்டாம், முக்கால் பலத்தில் 5 முதல் 7 விநாடி இறுக்குங்கள். சட்டென்று விடுங்கள். 20 விநாடி ஒன்றும் செய்யாமல் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு மேற்கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று வரிசையாகப் போங்கள். மொத்தம் நாலைந்து நிமிடம்தான். இறுக்கும்போது மூச்சைப் பிடித்துவைக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. கெண்டைக்காலைப் பலமாக இறுக்கினால் குரக்களி பிடிக்கும். அடிபட்ட இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில், மனம் அமைதியாக இருக்கும்போதே, இரண்டு வாரம் பழகுங்கள். நெருக்கடி நேரத்தில்தான் முதன்முதலாகச் செய்து பார்த்து “எனக்கு இது ஒத்துவரவில்லை” என்று கைவிடுகிறவர்களே அதிகம்.

வேலைச் சுமையை எண்ணாக்குங்கள்

வேலையின் அளவு மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. சுமை அதிகம், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவு, இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் அழுத்தம் மிகக் கூடுகிறது என்று ராபர்ட் கராசெக் என்ற சமூகவியல் ஆய்வாளர் 1979-இல் எழுதினார். ஆகவே வேலையைக் குறைக்க முடியாத இடத்தில், வரிசையையோ நேரத்தையோ செய்யும் முறையையோ நீங்கள் தீர்மானிக்க இடம் கேளுங்கள். காலை முதல் இரண்டு மணி நேரம் மீட்டிங் வேண்டாம் என்பது அப்படி ஒரு கோரிக்கை. பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அளவே பிரச்சினை என்றால் கணக்குப் போடுங்கள். கையில் உள்ள எல்லா வேலைகளையும் தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். வந்த எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனிதர்களின் பொதுவான பழக்கம். டேனியல் கானமன், ஏமோஸ் டிவெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு இந்த வாரத்தில் உண்மையில் உங்கள் கையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். 40 மணி நேர வாரத்தில் மீட்டிங்குக்கு 12, மெயிலுக்கும் சில்லறை வேலைகளுக்கும் 10 போனால் மிச்சம் 18தான்.

இந்தக் கணக்கோடு மேலதிகாரியிடம் போங்கள். “சார், என்னால முடியல” என்றால் ஆறுதல் கிடைக்கும், வேலை குறையாது. “சார், வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வேலை இருக்கு, மொத்தம் 27 மணி நேரம் ஆகும். மீட்டிங், மெயில் எல்லாம் போக எனக்கு 18 மணி நேரம் இருக்கு. முதல் ரெண்டையும் முடிச்சுத் தர்றேன், மூணாவதை அடுத்த புதன்கிழமைக்கு வச்சுக்கலாமா? இல்ல, வேற எதையாவது தள்ளணுமா?” என்று கேளுங்கள். இதில் குறை சொல்வது ஏதும் இல்லை. அவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு கேள்விதான் இருக்கிறது. “எல்லாமே அவசரம்தான்” என்று பதில் வந்தால் விடாதீர்கள்: “சரி சார், அப்ப எதை முதல்ல எடுக்கட்டும்?” ஒப்புக்கொண்டதை அன்றே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சில் முடிந்தது அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது.

வேலைக்கு நடுவே குறுக்கீடு வந்தால், எழுந்து போவதற்கு முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்து முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். அந்த ஒரு வரி அதை விடுவிக்க உதவும். மெயிலை ஒவ்வொரு சத்தத்துக்கும் திறக்காமல் நாளில் மூன்று வேளை பாருங்கள். அவசரமென்றால் போன் செய்யச் சொல்லிவிட்டு இதைத் தொடங்குங்கள். சொல்லாமல் தொடங்கினால் ஏதாவது தவறிவிட்டதோ என்ற கவலை புது அழுத்தமாகிவிடும்.

ஆபீஸிலிருந்து வீட்டுக்கு

வேலை நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். முடியாமல் நிற்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று போடுங்கள். முடியாத வேலை மனதைக் குடைந்துகொண்டே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை நிறுத்த வேலை முடிய வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்ற திட்டம் தெளிவாக இருந்தாலே குடைச்சல் குறைகிறது. “கிளையன்ட் விஷயம்” என்று எழுதினால் பலிக்காது. “நாளை 10 மணி, கிளையன்டுக்கு போன், திருத்திய தேதியைக் கேட்க வேண்டும்” என்று எழுத வேண்டும்.

வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். லேப்டாப்பை மூடினால் மட்டும் போதாது. பையில் போட்டுக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். உடை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு “வீட்டுக்கு வாருங்கள்”.

வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடத்தில் கணக்கு வழக்கு, புகார் எதுவும் பேசுவதில்லை என்று குடும்பமாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு அன்றைய நாளைப் பற்றிப் பேசலாம். கேட்கிறவர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “நான் கேட்டா மட்டும் போதுமா, யோசனையும் சொல்லணுமா?” கேட்டால் போதும் என்றிருப்பவரிடம் யோசனைகளை அடுக்குவதால் எத்தனையோ மாலைகள் சண்டையில் முடிகின்றன.

வீட்டின் சுமை

வீட்டு வேலையைப் பங்கு போட்டும் ஒருவருக்கு மட்டும் களைப்பு தீரவில்லை என்றால், நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை இன்னும் அவரிடமே இருக்கிறது என்று அர்த்தம். “சொன்னா செய்றேன்” என்பது உதவி. சுமை சொல்கிறவரின் தலையிலேயே நிற்கிறது. ஒரு வேலையைக் கைமாற்றினால் முழுசாகக் கைமாற்றுங்கள். குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் என்றால் கடைசித் தேதியைத் தெரிந்துவைத்திருப்பது, பணம் எடுத்து வைப்பது, கட்டுவது, ரசீதை எடுத்து வைப்பது நான்கும் ஒருவருடையது. கொடுத்தவர் இடையில் “கட்டிட்டியா?” என்று கேட்கக் கூடாது. முதல் தடவை ஏதாவது தவறும். அப்போது திரும்பப் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. பொறுத்துக்கொண்டால் இரண்டு மூன்று முறைக்குள் அது அவருடைய வேலையாகவே ஆகிவிடும்.

வாக்குவாதம் சூடேறி நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எதிராளி சொல்வது காதில் ஏறாது. மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும். குறைந்தது 20 நிமிடம் இடைவெளி விடுங்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள்: “இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். ஒன்பது மணிக்குப் பேசலாம்.” நேரம் சொல்லாமல் எழுந்து போனால் அது அவமானமாகப் படும், சண்டை பெரிதாகும். அந்த 20 நிமிடமும் “அவள் எப்படி அப்படிச் சொல்லலாம்” என்று மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. குளியுங்கள், துணி மடியுங்கள், நடங்கள். ஒன்பது மணிக்கு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.

மாற்ற முடியாதவற்றுக்கு ஒரு நேரம்

‘ஏ’ என்று போட்டவற்றை நினைக்காதே என்று மனதிடம் சொன்னால் அது கேட்காது. அவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 20 நிமிடம். படுக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாகவே முடிந்துவிட வேண்டும், கட்டிலில் உட்கார்ந்து செய்யக் கூடாது. பகலில் கவலை வரும்போது ஒரு சொல்லாகக் குறித்துவைத்து “மாலை ஆறரைக்கு” என்று தள்ளிவையுங்கள். ஆறரைக்கு உட்கார்ந்து குறித்ததை எல்லாம் எடுத்து எழுதுங்கள். சின்னதாக ஏதாவது செய்ய முடியும் என்றால் அதற்குத் தேதி போடுங்கள். முடியாதென்றால் எழுதியதோடு விடுங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். குறித்தவற்றில் பாதி ஆறரைக்குள் வலுவிழந்திருப்பதைப் பார்ப்பீர்கள். முதல் வாரம் தள்ளிவைப்பது கடினமாகவே இருக்கும்.

தூக்கம், காபி, நடை

காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறைய உடம்புக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக் காபியின் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கும். மதியத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். ஒரே நாளில் முழுசாக விட்டால் தலைவலி வரும், தினமும் குடிப்பதில் வாரத்துக்கு ஒவ்வொரு கப்பாகக் குறைத்துக்கொண்டே வரலாம். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். மது தூங்க வைப்பதுபோல் தோன்றும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். உடற்பயிற்சிக்கு வாரம் 150 நிமிட வேக நடை போதும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் பலன் உண்டு.

இவ்வளவும் செய்து குறையவில்லை என்றால்

ஆறு வாரம் ஆகியும் குறிப்பில் எண்கள் இறங்கவில்லை, ‘பே’ என்று போட்டவற்றைப் பேசியும் பலனில்லை என்றால், பயிற்சியில் குறை தேடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன்அவுட்’ பற்றிச் சொன்னபோது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. உடம்பில் சத்தே இல்லாத களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு, திறமை குறைந்துபோன உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள்.

மிரட்டல், அவமதிப்பு, பாலியல் தொல்லை போன்றவற்றை மூச்சுப் பயிற்சியால் தாங்கிக்கொள்ளவே கூடாது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர் யார் என்று அன்றன்றே எழுதி, ஆபீஸ் கணினிக்கு வெளியே ஒரு நகல் வையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

வேலையையே விடுவதா என்ற கேள்வி வந்தால், 8-க்கு மேல் எண் போட்ட நாளில் ராஜினாமா எழுதாதீர்கள். மாதச் செலவைக் கூட்டி, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால் வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுங்கள். எட்டு வாரம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து, அதற்குள் இந்த இடத்தில் என்னென்ன மாறியிருந்தால் இருப்பேன் என்று மூன்று விஷயம் எழுதுங்கள். அந்தத் தேதியில் மூன்றில் ஒன்றுகூட மாறவில்லை என்றால் நோட்டீஸ் காலம் எவ்வளவு, வரவேண்டிய சம்பளப் பாக்கி, லீவுப் பணம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, மனம் அமைதியாக இருக்கும் ஒரு காலைப்பொழுதில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.